ரெங்கசாமிக்கான மன்றாட்டு

இதை எழுத எட்டு வருடம் தயங்கினேன். எழுதினால் படிக்கிறவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று பயம். என்னிடம் முடிவு இல்லை. கண்டது மட்டும் இருக்கிறது. ஆண்டவர் சாட்சியாக அதை மட்டும் எழுதுகிறேன்.

ஓடுகிறோம்.

1990 ஆகஸ்ட் இரண்டு. வியாழக்கிழமை. ஈராக் படை நுழைந்த நாள். குவைத்தில், ஜஹ்ரா பக்கம், நாங்கள் வேலை பார்த்த ரொட்டிக்கடை. விடிந்து கொஞ்ச நேரம்தான். முதலில் கோடித்துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம். பிறகு தரை ஆடுகிறது. மாவு மூட்டைகள் சரிகின்றன. கண்ணாடி கொட்டுகிறது. வாசலில் பிக்கப் வண்டி. எகிப்துக்கார டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "யல்லா! யல்லா!" என்று அவசரப்படுத்திக் கத்துகிறான்.

நான் ஏறிவிட்டேன். ரெங்கசாமி ஒரு காலைத் தூக்கி வைக்கிறான். திரும்பிப் பார்க்கிறான். இறங்குகிறான்.

"அடுப்பு எரியுதுலே. அணைச்சிட்டு வாரேன். செத்த நேரம்."

"ஏலே, போகாத! ஏறுலே!"

அது டீசல் அடுப்பு. எரியவிட்டு வெளியே போகக்கூடாது. அதுதான் அந்த வேலையில் முதல் பாடம். பின்னால் டீசல் பீப்பாய்கள் இருந்தன. மாடியில் தங்கியிருந்த வங்காளத்துக்காரர்கள் இரண்டு பேர் இன்னும் இறங்கவில்லை. அவன் உள்ளே ஓடினான். வாசலைத் தாண்டியதைப் பார்த்தேன். முதுகு பார்த்தேன். வெள்ளைப் பனியனில் மாவு.

அப்போது குண்டு விழுந்தது. வண்டிக்கும் கடைக்கும் நடுவில். அதன் சத்தம் எனக்கு ஞாபகமில்லை. காது அடைத்துப்போனது. வலது காது பிறகு திறக்கவேயில்லை. புழுதி. புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ரெங்கசாமி சோழபுரத்துக்காரன். விவசாயக் குடும்பம். நான் ராஜபாளையம், பேர் சூசை. இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவன் பெருமாள் பக்தன். நெற்றிக்கு நாமக்கட்டி தீர்ந்துபோனால் மைதா மாவைக் குழைத்து இட்டுக்கொள்வான். அடுப்பைப் பற்றவைக்கும் முன் நான் தினமும் ஜெபம் சொல்வேன். அவன் பக்கத்தில் கைகட்டி நிற்பான்.

"ஏலே சூசை, என் பேரையும் சேத்துச் சொல்லுலே. எங்க ஆண்டாள் தாயி ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து இம்புட்டுத் தூரம் வரணும்னா பஸ்ஸு கெடையாது."

சேர்த்துச் சொல்வேன். அன்று காலையும் சொன்னேன்.

நானும் டிரைவரும் பத்து நாள் ஒரு பள்ளிக்கூடத்தில் பதுங்கிக் கிடந்தோம். பிறகு நான் நடந்தே கடைக்குத் திரும்பிப் போனேன். வழியில் ஈராக் சிப்பாய் ஒருவன் நிறுத்தினான். இருபது வயது இருக்காது. ஒரு கையில் துப்பாக்கியை என் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மறுகையால் தண்ணீர் கொடுத்தான். குடித்தேன். போகச் சொன்னான்.

கடையின் முன்சுவர் இல்லை. உள்ளே போனேன். கூப்பிட்டேன். கல்லைப் புரட்டினேன். ரத்தம் இல்லை. உடல் இல்லை. அவனுடைய ஒரு செருப்பு கிடந்தது. பீப்பாய்கள் முழுசாக நின்றன. அடுப்பைப் பார்த்தேன். அணைந்திருந்தது. தானாக அணையவில்லை. சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது, டீசல் வால்வு கையால் மூடப்பட்டிருந்தது.

ஆகவே அவன் அடுப்புவரை போயிருக்கிறான். அதற்குப் பிறகு எங்கே போனான் என்று தெரியாது. ஆஸ்பத்திரிகளில் கேட்டேன். இல்லை என்றார்கள். வங்காளத்துக்காரர்கள் பின்படி வழியாக இறங்கித் தப்பியிருந்தார்கள். பாலைவனம் தாண்டி, ஜோர்டானில் அம்மான் அகதி முகாமில் அவர்களைப் பார்த்தேன். அவர்களும் ரெங்கசாமியைக் காணவில்லை.

பம்பாய் வந்தேன். மதுரை வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றபோது ஜன்னலோரம் ஒரு பெண் முகம். ரெங்கசாமியின் மனைவி கோதை. தாலுகா ஆபீசுக்கு விசாரிக்க வந்தவள், குவைத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரை பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். நான் இறங்கினேன். பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் அழவில்லை.

"அடுப்பு அணைஞ்சிருந்துச்சாண்ணே?"

"அணைஞ்சிருந்துச்சு தாயி."

"அப்பம் வந்துருவாவ. சோலிய முடிச்சிட்டுத்தான் வருவாவ, எப்பவும்."

ராஜபாளையத்தில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் மன்றாட்டு உண்டு. போரிலும் பசியிலும் தவிக்கிறவர்களுக்காக, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் ஒவ்வொரு பேராக வாசிப்பார். எல்லோரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். ரெங்கசாமி பேரை அதில் சேர்க்கச் சொன்னேன். அடுத்த வாரமே கோதை சோழபுரத்திலிருந்து வந்து பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு. என் மனைவி மரியபுஷ்பம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆண்டாள் சன்னதியிலயும் வேண்டுதேன் மயினி. ஆனா அங்கன மனசுக்குள்ளதான் சொல்லிக்கிடணும். இங்கன அவிய பேரைச் சத்தமா சொல்லுதிய. காதால கேக்கணும் போல இருக்கு."

ஒவ்வொரு வாரமும் வந்தாள். கேட்டாள். போனாள்.

ஜனவரியில் பாக்தாத் மேல் குண்டு போட்டார்கள். ரேடியோவில் கேட்டேன். தண்ணீர் கொடுத்தவனுக்காகவும் மன்றாடச் சொன்னேன். "நம்மாள ஓட ஓட வெரட்டுன பயலுவளுக்கா ஜெபம்?" என்று ஒருவர் கேட்டார். அவன் பேர் எனக்குத் தெரியாது. "தண்ணீர் கொடுத்தவன்" என்றே உபதேசியார் வாசித்தார். கோதைதான் முதலில் "கேட்டருளும்" என்றாள்.

1991 நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள். அன்று மரித்தவர்களின் பேர்களை வாசிப்பார்கள். உபதேசியார் நல்ல மனுஷன். வருடம் தாண்டிவிட்டதே, ஆத்துமா அலையக் கூடாதே என்று அவராகவே ரெங்கசாமி பேரை அதில் சேர்த்துவிட்டார். எங்களிடம் கேட்கவில்லை. வாசித்தார். கோயில் முழுக்க, மரித்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி ஜெபம் கேட்டது.

கோதை எழுந்து நின்றாள்.

"ஐயா, அவிய பேரு இந்தப் பக்கம் வராது."

உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"வருஷம் ஒண்ணு தாண்டிருச்சும்மா. எளைப்பாறட்டும்னுதான்..."

"எளைப்பாறதுக்கு அவிய வீட்டுக்குல்லா வரணும்."

உபதேசியார் என்னைப் பார்த்தார். கோயிலே என்னைப் பார்த்தது. "சூசை, நீதான பாத்த. சொல்லு."

செத்துவிட்டான் என்று சொன்னால் அவள் பொட்டை அழிப்பார்கள். இருக்கிறான் என்று சொல்ல நான் பார்க்கவில்லை. பீடத்துக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது.

"அடுப்பு அணைஞ்சிருந்துச்சு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றேன்.

உபதேசியார் தலை குனிந்தார். பிறகு, மரித்தவர்களின் நாளில், உயிரோடு இருக்கிறவர்களுக்கான மன்றாட்டில் ரெங்கசாமி பேரைத் திரும்ப வாசித்தார். கேட்டருளும் என்றோம். கோதை உட்கார்ந்தாள். மரியபுஷ்பம் அவள் கையை விடவில்லை.

இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைப்பக்கம் என்னால் நடக்க முடியாது. அடுப்பின் இரைச்சல் கேட்டால் காது அடைத்துப்போகிறது. தேருக்கு வேட்டுப் போட்டால் தரையில் படுத்துவிடுகிறேன். வீட்டில் ஸ்டவ் அணைந்ததா என்று மரியபுஷ்பத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். "அணைச்சிட்டேன். வந்து தொட்டுப் பாரும்" என்பாள். தொட்டுப் பார்ப்பேன்.

போன வருடம் கோதை காய்ச்சலில் இறந்தாள். பொட்டோடு போனாள். சோழபுரத்துக்கு நாங்கள் போய் மாலை போட்டோம். அடுத்த கல்லறைத் திருநாளில் அவள் பேரை மரித்தவர்களோடு வாசித்தார்கள். அவன் பேரை அங்கே வாசிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எங்கள் மன்றாட்டில் வேறு வேறு பக்கம் இருக்கிறார்கள். கோயிலில் அவன் பேரைக் கேட்க வருகிறவர்கள் இப்போது யாருமில்லை. ஆனாலும் சத்தமாகத்தான் வாசிக்கிறார்கள்.

போனவை இவை. ஒரு ரொட்டிக்கடை. என் வலது காது. சோழபுரத்தில் ஒரு வீட்டின் விளக்கு. கோதை. தண்ணீர் கொடுத்தவன் எந்தப் பக்கம் என்று தெரியாது. தப்பியவர்கள் வங்காளத்துக்காரர்கள் இருவர், எகிப்துக்கார டிரைவர், நான். ரெங்கசாமியை இரண்டு கணக்கிலும் என்னால் எழுத முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஆறுதலுக்காக அவனை வீட்டுக்கு வரவழைத்துவிடாதீர்கள். இரக்கப்பட்டு அடக்கமும் செய்துவிடாதீர்கள். அடுப்பு அணைந்திருந்தது. அதோடு நிறுத்துங்கள்.