வீங்காத கடி

2024 டிசம்பர் முதல் தேதி, முடிச்சூரில் மழைநீர் வீடுகளுக்குள் புகுந்திருந்தது. வெள்ளம் வந்தால் பாம்பும் மேடு தேடும். எனக்கு அழைப்புகள் குவியும் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் ஷ்யாம்சுந்தரைக் கூப்பிட்டார்கள்.

அவர் என்னிடம் பாம்பு பிடிக்கக் கற்றவர். ஐ.டி. வேலை. என் முதல் பாடமே கையால் தொடக்கூடாது என்பதுதான். கொக்கியால் மெல்லத் திருப்பி, பை கட்டிய குழாயைக் காட்டினால் பொந்து என்று பாம்பே நுழைந்துவிடும். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. ஷ்யாம் கையால் பிடித்து வீடியோ போட்டார். மற்ற மாணவர்களும் அப்படியே பிடிக்க ஆரம்பித்தார்கள். என்றாவது ஒருவர் செத்திருப்பார். இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை ஞானாம்பாள் டீச்சர் வீட்டுச் செருப்பு அலமாரியில் பாம்பு. பதற்றத்தில் எங்கள் இருவரையுமே கூப்பிட்டிருந்தார். நான் போனபோது ஷ்யாம் மாணவர்களோடு நின்றிருந்தார். சேறு பூசிய கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள்.

"ஓநாய்ப் பாம்புதானேண்ணா? விஷமே இல்லை. இதுக்கும் குழாயைத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

டீச்சர்கூடச் சிரித்தார்.

ஓநாய்ப் பாம்புக்குக் கழுத்தை ஒட்டியே பட்டைகள் தொடங்கும். இதன் கழுத்து வெறும் கறுப்பு. கட்டுவிரியன். நான் பதில் சொல்லவில்லை. மழைச் சத்தத்தில் அவர் கேட்டது காதில் விழவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய்.

அவர் கையில் எடுத்தார். விரலில் கடித்தது. "லேசாக் கீறிடுச்சு. வலிக்கவே இல்லைண்ணா."

"வலி இல்ல, வீக்கம் இல்ல. அப்பால இன்னா? வூட்டுக்குப் போய்த் தூங்குப்பா" என்றேன்.

கட்டுவிரியன் கடி வலிக்காது, வீங்காது. அந்தப் பாடம் நடத்திய அன்று அவர் வரவில்லை. கீழ்க்கட்டளையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாம்பைக் குழாயில் ஏற்றி நான் எடுத்துக்கொண்டேன். வேறு யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

இரவு அவர் மனைவி மாளவிகா போன் செய்தார். "அண்ணா, வயிறு வலிக்குதுன்றார். இமையைத் தூக்கவே முடியலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"மழையில நனைஞ்ச சோர்வும்மா. காலையில பாத்துக்கலாம்."

தெருவில் இடுப்பளவு தண்ணீர். அந்த நேரத்தில் ஒரு பெண்ணை வெளியே போகச் சொல்வது பாதுகாப்பும் அல்ல.

பாம்பைக் காட்டில் விட்டேன். அதற்குக் காயம் ஏதும் இல்லை. ஷ்யாம்சுந்தர் விடிவதற்கு முன் இறந்தார். அதன்பிறகு என் மாணவர்களில் ஒருவர்கூடக் கையால் தொட்டதில்லை. அதற்காகத்தான் செய்தேன்.

உங்கள் ஜீப் வந்தபோது நான் முடிச்சூருக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.