பன்னிரண்டாயிரம் கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம்

– நாலு மணி நேரம்னா சரி. நாலேகால் ஆனாலும் பொறுத்துக்குவேன். அதுக்கு மேல அடுத்தவன் ஓட்டுற வண்டியில என்னால உக்கார முடியாது.

– அதான் இந்த டிக்கெட் ஆபீஸ் தாள்லயே போட்டிருக்குதுங்களே. பிளேன் காலையில ஒம்பது பத்துக்குக் கெளம்புது, மத்தியானம் ஒன்னு இருவத்தஞ்சுக்கு எறங்குது. நீங்களே எண்ணிப் பாருங்க.

– அம்மா, அது வந்து, எறங்குற நேரம் அந்த ஊரு...

– ஏம்மா டிக்கெட் பொண்ணு, உன் போன் அடிக்குது பாரு.

– அடிக்கலியேம்மா.

– அடிக்கும். இவரு முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டுனவரு. பக்கத்து சீட்டுல உக்கார வச்சா இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவாரு. சம்பந்தி கார்ல போயி, கால் மிதியே கிழிஞ்சு போச்சு.

– கிழிஞ்சது அந்தாளு வாங்குன மட்டமான மிதி. ஏம்மா டிக்கெட் பாப்பா, மொத்தம் எத்தனை கிலோமீட்டரு?

– பன்னெண்டாயிரம் கிட்ட வரும் சார்.

– கிட்டன்னா?

– பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பது.

– அப்படிச் சொல்லு. திரும்பி வர்றப்ப?

– அதே தூரந்தான் சார். ஆனா ஒரு மணி நேரம் கொறையும். காத்து பின்னாலேருந்து தள்ளும்.

– நான் காலி வண்டியா திரும்புதோன்னு நெனச்சேன்.

– பாத்தியா, சிரிக்கிறாரு. மூணு வருஷமா மக கூப்பிடுறா. பேரன் பொறந்து, பல்லு மொளச்சு, இப்ப போன்ல "தாத்தா ஏன் வரல"ன்னு கேக்குறான். இன்னைக்குத்தான் மனுஷன் வழிக்கு வந்திருக்காரு. சட்டுபுட்டுன்னு போட்டுடும்மா.

– ரெண்டு பேரு பாஸ்போர்ட்டும் ஜெராக்ஸ் வேணும்மா. எங்க மெஷின் ரிப்பேரு.

– நீ போய் எடுத்துட்டு வா. எதிர்க்கடைதானே.

– போறேன். ஏம்மா, காதைக் கொடு. அந்த ஊர் நேரம், இந்த ஊர் நேரம்னு மூச்சு விட்டே, வேற ஆபீஸ்ல போய் டிக்கெட் எடுப்பேன்.

– சரிம்மா. விடல.

– என்ன பாப்பா, அவ போனதுலேருந்து திருதிருன்னு முழிக்கிறே?

– எனக்கு மனசு கேக்கல சார். ஏறுனப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க. அது நாலு மணி நேரம் இல்ல. அங்க கடிகாரம் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னாடி.

– அப்ப பதினாலேமுக்கால்.

– தெரியுமா சார்?

– பன்னெண்டாயிரம் கிலோமீட்டர நாலு மணி நேரத்துல எந்த டிரைவரும்மா அடிப்பான்? மக போன அன்னைக்கே கணக்குப் போட்டுட்டேன்.

– அப்புறம் ஏன் சார் மூணு வருஷமா வரமாட்டேன்னீங்க?

– நான் எங்கேம்மா சொன்னேன்? அவளுக்குத்தான் பயம். லிஃப்ட் கதவு மூடுனாலே என் கையைப் பிறாண்டி எடுத்துடுவா. வெளிய சொல்ல வெக்கம், அதனால பழியை என் தலையில போட்டா. நானும் வாங்கிக்கிட்டேன்.

– இப்ப மட்டும் எப்படி சார் தைரியமா வந்து நிக்கிறாங்க?

– போன மாசம், நாலு மணி நேரத்துக்கு மேல உக்கார மாட்டேன்னு ஒரு போடு போட்டேன். அன்னையிலேருந்து என்னை எப்படி ஏமாத்தி ஏத்துறதுங்கிற ஒரே யோசனை அவளுக்கு. தானும் ஏறணும்ங்கிறது இன்னும் உறைக்கல. உறைக்கிறதுக்குள்ள டிக்கெட்டைப் போடு.