அங்காலை

ஓடுகிறேன். சைரன் அலறுகிறது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற சத்தம். இடப்பக்கம் கேட்கிறது. அப்படியென்றால் வலப்பக்கம் ஓட வேண்டும். பனிக்குவியலில் முழங்கால் புதைகிறது. கையூன்றி எழுகிறேன். நடைபாதையை விட்டு வீதிக்குள் இறங்குகிறேன்.

"இஞ்சாருங்கோ! நில்லுங்கோ!"

யாரோ கோட்டைப் பிடித்து இழுக்கிறார்கள். மல்லாக்க விழுகிறேன். வலப்பக்கமாக வந்த பனி அள்ளும் இயந்திரம் என் சப்பாத்துக்கு இரண்டு முழம் தள்ளி உறுமிக்கொண்டு போகிறது.

2004, தை மாதம். செவ்வாய்க்கிழமை. காலை எட்டேகால். மொன்றியல், கார்ட்டியர்வில். குண்டு இல்லை. விமானம் இல்லை. பனி அள்ள வருகிறோம், காரை எடுங்கள் என்று ஊதுகிற சைரன் அது. குளிர்காலம் முழுக்க ஊதும். இங்கே சின்னப் பிள்ளையும் அதற்குத் திரும்பிப் பார்க்காது.

இழுத்தவள் என் மனைவி சாந்தா. என் வலது காது முழுச் செவிடு. பத்து வருடமாக அவள் எனக்கு இடப்பக்கம்தான் நடப்பாள். எனக்குக் கோபம் கெதியில் வரும். நடுவீதியில் எழுந்து நின்று அவளிடமே கத்தினேன். சத்தம் இடப்பக்கம் கேட்டது, நான் என்ன செய்ய என்று. அவள் என் கோட்டில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். அன்றைக்கே காதுச் சோதனைக்கு நாள் எடுத்தாள். பத்து வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். இந்த முறை முடியவில்லை.

ஏன் தட்டிக் கழித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் எனக்கு ரேடியோ திருத்தும் வேலை. மின்சாரம் இல்லாத காலம். சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்ட காலம். எங்கள் ஒழுங்கையில் இருந்த சனம் என்னைக் காது அண்ணை என்று கூப்பிடும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

எங்களுக்கு இரண்டு பக்கமும் ஆமி முகாம். கிழக்கே ஒன்று. மேற்கே ஒன்று. கிழக்கில் ஷெல் குத்தினால் அது தலைக்கு மேலால் போய்க் கடற்கரையில் விழும். மேற்கில் குத்தினால் எங்கள் மேல் விழும். குத்துகிற சத்தம் ஒரு டும். மெல்லிய டும். அது கேட்டதும் ஒழுங்கை முழுக்க என் முகத்தைப் பார்க்கும். நான் இரண்டில் ஒன்று சொல்வேன். இஞ்சாலை என்றால் எல்லோரும் பங்கருக்குள் பாய்வார்கள். அங்காலை என்றால் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அரிசி புடைக்கிறவள் புடைப்பாள். இரண்டு வருடம். ஒரு நாளும் என் கணிப்புப் பிழையானதில்லை.

1993, ஆவணி பன்னிரண்டாம் திகதி. பின்னேரம் நாலு மணி. சந்தையால் திரும்பி வந்துகொண்டிருந்தேன். தனிய. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெல் விழுந்தது. காயம் ஒன்றும் இல்லை. வலது காதால் ஒரு கோடு இரத்தம். வாய்க்காலில் கழுவினேன். விரலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சொடக்குப் போட்டேன். கேட்கவில்லை. உள்ளே ஒரு கூவல் மட்டும். நிலையம் பிடிக்காத ரேடியோ மாதிரி. இன்றுவரை அது நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து பஞ்சு வைத்தேன். சாந்தா என்ன என்று கேட்டாள். குளிக்கேக்கை காதுக்குள்ளை தண்ணி போயிட்டுது என்றேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம். காது அண்ணைக்குக் காது போய்விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு காது இருக்கிறதே, காணும் என்று நினைத்தேன்.

ஒன்பது நாள் ஓடியது. அந்த நாட்களில் ஒரு குத்தும் இல்லை. அதுவே சனியன்; என் கணிப்புக் கெட்டது எனக்கே தெரியவரவில்லை.

ஆவணி இருபத்தொன்று. காலை பத்து மணி பத்து நிமிடம். சாந்தாவின் தம்பி வசி கிணற்றடியில் குளிக்கிறான். எங்களோடுதான் இருந்தான். இருபத்துநாலு வயது. தலை முழுக்கச் சவர்க்காரம். பக்கத்து வீட்டு மலரக்கா குடத்தோடு நிற்கிறா. நான் வாசலில் தெற்கைப் பார்த்து நிற்கிறேன். இடது காது கிழக்குப் பக்கம்.

டும்.

வசி கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அத்தான், எங்காலை?"

"அங்காலை! அங்காலை!"

வசி இன்னொரு வாளி அள்ளினான். கயிறு கப்பியில் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு விழுந்தது. கிணற்றடியில்.

நானும் விழுந்தேன். எழும்பும்போது காதில் மறுபடி இரத்தம். சாந்தா அதைத்தான் பார்த்தாள். என் காது போனதும் அவளுடைய தம்பி போனதும் ஒரே ஷெல்லில் என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். நான் திருத்தவில்லை. செத்த வீட்டில் திருத்தவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் திருத்தவில்லை. கனடா வந்தும் திருத்தவில்லை. அன்று காற்று மாறி அடித்தது, அதுதான் கணிப்புப் பிழையானது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

ஷெல் அடித்தவன் வேறு. நான் அதை மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம். ஆனால் அங்காலை என்று சொன்னது நான்.

சோதனை மாசி மாதம். வெள்ளிக்கிழமை. பகல் பதினொரு மணி. சின்ன அறை. கனத்த கதவு. சுவரெல்லாம் மெத்தை. சாத்தியதும் பங்கருக்குள் இறங்கின மாதிரி இருக்கிறது. என் கூவல் மட்டும் கேட்கிறது. கையில் ஒரு பொத்தான். காதில் மாட்டின ஹெட்போனில் விசில் கேட்டதும் அமத்த வேண்டும்.

விசில் கேட்டது. நான் அமத்தவில்லை. எண்ணினேன். ஷெல் கூவிக்கொண்டு வந்தால் விழும்வரை எண்ணுவது எங்கள் உடம்பில் ஊறின பழக்கம். நின்ற பிறகுதான் விரல் அசையும். சோதிக்கிற பெண் மூன்று முறை கதவைத் திறந்து வந்து பிரெஞ்சில் விளக்கினாள். சாந்தா கார்தரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். அவளுக்குப் பிரெஞ்சு தெரியும். இரண்டு முறை மொழிபெயர்த்தாள். மூன்றாம் முறை என் தோளில் கை வைத்தாள்.

"அது விழாது. கேட்டவுடனை அமத்துங்கோ."

சோதனை முடிந்தது. அந்தப் பெண் ஒரு தாளில் தலை ஒன்று கீறினாள். இரண்டு காது கீறினாள். வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு ஒரு மயிரிழை முந்திப் போய்ச் சேரும். இடது காதுக்குப் பிந்தி, கொஞ்சம் மெலிந்து போகும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசை சொல்கிறது. ஒரு காது போனால் ஒப்பிட ஆள் இல்லை. எந்தப் பக்கத்துச் சத்தமும் கேட்கிற காதின் பக்கம் இருந்து வருகிற மாதிரித்தான் இருக்கும். அதனால்தான் சைரனுக்குள் ஓடியிருக்கிறீர்கள் என்றாள். உங்கள் பிழை இல்லை என்றாள். சாந்தா அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

நான் அந்தத் தாளைப் பார்க்கிறேன். தெற்கைப் பார்த்து நிற்கிற தலை. இடது காது கிழக்கே. காற்று மாறவில்லை. ஒன்றும் மாறவில்லை. மேற்கில் குத்தினது எனக்குக் கிழக்கில் கேட்டிருக்கிறது.

அந்தப் பெண் படிவத்தை எடுத்தாள். கேள்வி எப்போதிருந்து என்பது. சாந்தா என்னைக் கேட்கவில்லை. அந்தத் திகதி அவளுக்கு மனப்பாடம். பிரெஞ்சில் சொன்னாள். இருபத்தொன்று என்ற சொல் எனக்கு விளங்கியது. பேனா தாளில் இறங்கியது.

"இல்லை. பன்னிரண்டு" என்றேன்.

பேனா நின்றது. சாந்தா என்னைப் பார்த்தாள். பிறகு படத்தில் இருந்த தலையைப் பார்த்தாள். அவள் கணக்கில் கெட்டிக்காரி. உதடு அசைய எண்ணினாள்.

"அந்தப் பஞ்சு" என்றாள்.

"ஓம்."

சாந்தா அந்தப் பெண்ணிடம் திரும்பிப் பன்னிரண்டு என்று பிரெஞ்சில் திருத்திச் சொன்னாள். மெர்சி சொன்னாள். கோட்டைப் போட்டாள். எனக்கும் கோட்டை எடுத்துத் தந்தாள்.

வெளியே பனி கொட்டுகிறது. பஸ் தரிப்புக்கு ஐந்து நிமிட நடை. சாந்தா என் இடப்பக்கம் வரவில்லை. சுற்றிப் போய் வலப்பக்கம் நடந்தாள். பத்து வருடத்தில் முதல் தடவை. கடைக்கண்ணால் பார்த்தேன். அவளுடைய வாயால் புகை வந்துகொண்டிருந்தது. கதைத்துக்கொண்டே நடந்தாள். விடாமல் கதைத்தாள். எனக்குக் கூவல் மட்டும் கேட்டது. தலையைத் திருப்பி இடது காதைக் கொடுத்திருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் வந்தது. அவள் வாயை மூடினாள். அதைப் பற்றி அவளும் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கணக்கு இது.

வசீகரன், இருபத்துநாலு வயது. மலர்விழி, முப்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகளின் தாய். ஒரு கிணறு. ஒரு வலது காது, அதற்கு ஒன்பது நாள் முந்தி. அந்த ஐந்து நிமிடமும் சாந்தா சொன்னது முழுவதும்.