அடுத்து அந்தப் பெண் என்ன எழுதினாள்?

நடந்ததை என் சொந்த நடையிலேயே எழுதிக் கொடுக்கலாம் என்று நீங்கள் சொன்னதற்கு முதலில் நன்றி. பொதுவாகச் சமரச அதிகாரிகள் ஒரு படிவத்தை நீட்டி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வார்கள். நீங்கள் வெள்ளைத்தாள் கொடுத்தீர்கள். எழுதுகிறவனின் அருமை உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனத்தில் எனக்கு வேலை. புகார் எழுதுகிறவர்களுக்குப் பதில் போடுவது என் பொறுப்பு. தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒப்புக்கொண்டதுபோல் இருக்க வேண்டும். பெட்டி குளிராவிட்டாலும் வாடிக்கையாளர் குளிர்ந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் வகுப்பு நடத்துகிறேன். எழுத்திலும் பேச்சிலும் மேம்படுவது எப்படி என்பது பாடம். ஆரம்பத்தில் ஆட்களைவிட நாற்காலிகள்தான் அதிகம். காப்பீடு விற்கும் ஓர் அம்மாள் வருவார், காதலிக்கு எழுதத் தெரியாத ஒரு லாரி ஓட்டுநர் வருவார், ஒரு பல் மருத்துவர் வந்து தூங்குவார்.

என் தங்கை பெயின்ட் கடையில் வண்ணம் கலந்து கொடுப்பவள். வாயைத் திறந்தால் முற்றுப்புள்ளி கிடையாது. மாப்பிள்ளை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாள் முழுக்க அவர் பேசுவது "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" மட்டும்தான். ஒரு மாலை, கடையில் நடந்த ஒரு சண்டையை அவள் ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அசதியில் இருந்த மனிதர், "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டார். வாய் தவறி வந்ததுதான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் எண்ணையும் போனில் தடுத்து வைத்தாள்.

மறுநாளே மாப்பிள்ளை என் அலுவலக வாசலில் நின்றார்.

"மச்சான், எனக்குப் பேசவும் வராது, எழுதவும் வராது. என் பேர்ல நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்களேன்."

எழுதினேன். படித்துவிட்டுத் தங்கை அழுதாள். "இந்த மனுஷனுக்கு இவ்வளவு எழுத வருமா?" என்று கேட்டுவிட்டு அப்போதே கிளம்பத் தயாரானாள். பதில் போடாமல் போவது மரியாதை இல்லை என்று நான்தான் நிறுத்தினேன்.

"அப்ப நீயே எழுதிடு அண்ணா. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு எழுது, போதும்."

அவ்வளவு நல்ல கடிதத்துக்கு அவ்வளவு சின்னப் பதிலா? எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் கொஞ்சம் விரித்து எழுதினேன். நடுவில் ஒரு சின்ன முள் வைத்தேன். முள் இல்லாவிட்டால் எழுத்து வழவழவென்று ஆகிவிடும். அந்த முள் குத்தி மாப்பிள்ளை என்னிடம் வந்தார். அவருக்காகவும் பதில் எழுதினேன். அவருக்கு நான் எழுதுவது அவளுக்குத் தெரியாது, அவளுக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. ஒருவர் நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பெயர்களை மறைத்து அந்தக் கடிதங்களை வகுப்பில் வாசித்தேன். பல் மருத்துவர் விழித்துக்கொண்டார். அடுத்த வாரம் தன் மனைவியையும் அழைத்து வந்தார். பிறகு நாற்காலி போதவில்லை, படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே நுழையும்போதே லாரி ஓட்டுநர் கேட்பார்: "அடுத்து அந்தப் பொண்ணு என்ன எழுதுச்சு சார்?"

அந்த நிலையில் அவர்களைச் சேர்த்து வைப்பது எவ்வளவு பொறுப்பற்ற செயல் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஒரு நாள் தங்கை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "அண்ணா, இதை மட்டும் கட்டாயம் எழுதிடு. அவர் அப்பா ஆகப்போறார்."

எழுதினேன். ஆனால் அந்தக் கடிதம் முழுக்க அவருடைய மௌனத்தைப் பற்றியது. கடைசியில் திடீரென்று ஒரு குழந்தை வந்து நிற்பது பொருத்தமாக இல்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு செய்தி என்பது நான் வகுப்பிலும் வற்புறுத்துகிற விதி. அந்த வரியை எடுத்துவிட்டேன். அடுத்த கடிதத்திலும் அதற்கு இடம் அமையவில்லை.

மாப்பிள்ளையின் பதிலைத் தங்கை திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"கொழந்தையப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே அண்ணா?"

"சில பேருக்குச் சந்தோஷத்தச் சொல்ல வராதும்மா" என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது உண்மைதான். அன்று அவள் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை ஒருமுறை நேரிலேயே வந்துவிட்டார். கையில் ஒரு தலையணை. "இது இல்லாம அவளுக்குத் தூக்கம் வராது மச்சான்." அவள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். கோபம் தணியவில்லை, இப்போது பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று சொல்லி அனுப்பினேன். தலையணை நன்றாகவே இருந்தது. எனக்குக் கழுத்துவலி குறைந்தது.

பிரியலாம் என்ற முடிவுக்கு இருவரும் தாங்களாகவேதான் வந்தார்கள். உங்கள் மேசைக்கு வந்த இரண்டு மனுக்களும் நான் எழுதியவை. எதைப் படித்தாலும் அந்தப் பக்கமே நியாயம் இருப்பதுபோல் தெரிகிறது என்று உங்கள் உதவியாளரிடம் சொன்னீர்களாம். அந்தப் பாராட்டுக்குத் தனியாக நன்றி.

பிறகு, கடையில் ஒரு பெயின்ட் டப்பா தங்கையின் மணிக்கட்டில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு விடுமுறை நாள் என்று நினைத்து அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். யாருக்கோ பதிலாக அவர்தான் வேலையில் இருந்தார். நான் அறைக்கு வெளியே நின்றேன். வருகிற பெண்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை, வந்தது யாரென்று பாராமலே அவர் கேட்டது கதவு வழியாக என் காதில் விழுந்தது.

"கர்ப்பமா இருக்கீங்களா?"

"அதை இன்னும் எத்தனை தடவ எழுதுறது?" என்றாள் தங்கை.

உள்ளே ஏதோ கீழே விழுந்து உருண்டது.

"நீயா? எ... எதுல எழுதின?"

"எல்லா லெட்டர்லயும்தான்."

"எதுலயும் இல்லையே. நான்... தலகாணிகூடக் குடுத்தேனே..."

"எந்தத் தலகாணி?"

ஒரு வாக்கியமும் முழுமையாக இல்லை. எழுவாய் ஒரு பக்கம், பயனிலை ஒரு பக்கம். ஆனாலும் சற்று நேரத்தில் கதவு திறந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். வெகு நாட்களுக்குப் பிறகு அவர்களிடையே முழு உடன்பாடு தெரிந்தது.

இப்போது அவர்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள், அவர் "ம்" கொட்டுகிறாராம். இத்தனை மாத உழைப்புக்குப் பிறகும் ஒரு முன்னேற்றமும் இல்லை. வகுப்பில் முடிவைச் சொன்னபோது பல் மருத்துவர், "என்ன சார், இப்படிச் சப்புன்னு முடிஞ்சிருச்சு" என்றார். எனக்கும் அதே வருத்தம்தான்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இது: கடிதங்கள் எல்லாம் நான் எழுதியவை. குழந்தையைப் பற்றிய வரியை நீக்கியது நான். சேர இருந்தவர்களைச் சேரவிடாமல் வைத்திருந்தது நான். எல்லாம் அவர்களுடைய மொழி வளரட்டும் என்பதற்காகத்தான்.

மன்னிப்புக் கேட்டு அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதில் இல்லாமல் ஒரு கடிதம் நிற்பது அழகில்லை என்பதால், அவர்கள் இருவர் சார்பிலும் பதிலை நானே எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் இருவரும் என்னை முழுமனதாக மன்னித்திருக்கிறார்கள். படிக்கும்போது இரண்டு இடங்களில் எனக்கே கண் கலங்கிவிட்டது.