அளவு பிசகாத துகள்கள்

தேநீருக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. எங்கள் ஆய்வகத்தில் கிடைக்கும் கழுநீரோடு ஒப்பிட்டால் இது அமிர்தம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். சேற்றில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா தன் உடம்புக்குள்ளேயே குட்டிக் காந்தங்களைச் செய்துகொள்கிறது. இரும்பைப் பிடித்து ஒரே அளவுத் துகள்களாக வளர்ப்பது அதன் புரதம். அந்தப் புரதத்தை வேறொரு பாக்டீரியாவில் விளைவித்து, அதை உடைத்துப் பிரித்தெடுத்து, இரும்புக் கரைசலில் சேர்ப்பேன். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் கரைசல் கறுக்கும். புரதம் இல்லாவிட்டால் துகள்கள் கோணல்மாணலாக வரும். இருந்தால் அச்சில் வார்த்தாற்போல. இதிலேயே என் தலை நரைத்தது. கூட வேலை செய்பவர்கள் எனக்கு 'காந்தம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆனால் ஒரு பதவி உயர்வுகூட என்னிடம் வந்து ஒட்டவில்லை.

அப்போதுதான் அக்காவின் கையில் கட்டி வந்தது. சின்னப் புற்றுக்கட்டிதான், அறுத்து எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்றார் மருத்துவர். அக்காவுக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். ஒரு வார்த்தை தைரியம் சொல்லியிருந்தால் போயிருப்பாள். நான் சொல்லவில்லை. அறுத்துவிட்டால் எனக்குக் கட்டி ஏது?

என் துகள்களைக் கட்டிக்குள் ஏற்றி, வெளியே கம்பிச்சுருளில் மின்சாரம் ஓட்டினால், துகள்கள் சூடேறிக் கட்டியைச் சுட்டுவிடும் என்று விளக்கினேன். எலிகளில்கூட நாங்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

"உன்னை நம்பாம வேற யாரைடா நம்புவேன்? வலிக்குமா, அதை மட்டும் சொல்லு."

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்க்கா."

அவள் வீட்டிலேயே துகள்களை ஊசியில் ஏற்றினேன். சுருளை எடுத்து வைப்பதற்கு முன்பே அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பல் கிட்டித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்று அத்தான் கெஞ்சினார். மருந்து வேலை செய்கிறது, பொறுங்கள் என்றேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாய்வதற்குள் அக்கா அடங்கிவிட்டாள். அவள் எனக்குத் தாய்க்குத் தாய் ஐயா. கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு எதுவும் என்னால் முடியவில்லை.

உடைத்த பாக்டீரியாவின் தோலிலிருக்கும் நஞ்சு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். உடம்புக்குள் போவதென்றால் அதைக் கழுவி நீக்க வேண்டும். எங்கள் துகள்கள் யார் உடம்புக்கும் போகாதவை என்பதால் ஆய்வகத்தில் நாங்கள் கழுவுவதில்லை. பழக்கதோஷத்தில் மறந்துவிட்டேன் என்று நேற்று வாக்குமூலத்தில் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

மறக்கவில்லை. கழுவினால் பாதிப் புரதம் அதோடு போய்விடும். மிச்சத்தை வைத்துச் செய்தால் துகள்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வரும். நான் வேறு என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்?

அக்காவுக்கு நான் கனவிலும் கெடுதல் நினைத்ததில்லை. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்தான். உடலை அறுத்துப் பார்க்கும் மருத்துவரிடம், அந்தக் கட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே அளவில் இருக்கும்.