தையலாயி கழுத்தின் நாலாவது முடிச்சு

முன்னொரு காலத்துல, நம்ம பக்கம் ரயிலு வராத காலத்துல, கோரையடின்னு ஒரு ஊரு இருந்துச்சு. இதே ஊருதான். ஆனா இங்க இல்ல. வாய்க்காலுக்குக் கிழக்க, இப்ப அலை புரளுதே, அங்க. நாப்பது கூரை வீடு, ஒரு கோயிலு, ஒத்தைப் பனை. அவ்வளவுதான் ஊரு.

புயலுக்கு முன்னால நம்மளை ஏத்திட்டுப் போக வெளிய பஸ்ஸு நிக்குது, தெரியும். டிரைவர் தம்பி ஆரன் அடிச்சா அடிக்கட்டும். காப்புக் கயிறு தட்டுல மஞ்சள் தடவி இருக்கு. கதை சொன்னாத்தான் காப்பு, காப்பு முடிஞ்சாத்தான் பஸ்ஸு. இந்தக் கதையைச் சொல்ல வேண்டியது எங்க வீடு. பெருமைக்கு இல்ல, அது எங்களுக்கு வச்ச தண்டனை. எங்க அண்ணனுக்கு நாலு பேரு முன்னாடி பேச்சு வராது, அதனால நான் சொல்றேன். ஏம்மா புதுப் பொண்ணு, பின்னாடி நிக்காத, முன்னால வா. உன் கழுத்துல கிடக்கறதும் இந்தக் கதையிலதான் வருது. முருகையா சித்தப்பா, நீங்க படகு இஞ்சினை விட்டு வரமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களாமே. நல்லா காது கொடுத்துக் கேளுங்க.

அந்தக் கோரையடியில உத்திராபதின்னு ஒருத்தரு இருந்தாராம். கட்டுமரத்துல பின்னால நின்னு துடுப்புப் பிடிக்கிற ஆளு. ஒரு நாளு கரையேறும்போது மரம் புரண்டு இடுப்புல விழுந்துச்சு. அதோட இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. மூணு வருசமா பாயே கதி. ஆனா கை ரெண்டும் நல்லா இருந்துச்சு. படுத்துக்கிட்டே ஊருக்கெல்லாம் வலை பின்னிக் கொடுப்பாராம். அவரு போடற முடிச்சு ஒரு தினுசு. ரெண்டு சுத்துச் சுத்தி, ஒரு தலைப்பை உள்ள கொடுத்துத் திருப்பி வெளிய எடுப்பாரு. நனைய நனைய இறுகும். அறுக்கலாம், அவுக்க முடியாது. வேற ஒருத்தனுக்கும் அது கைவரல.

அவரு பொஞ்சாதிதான் தையலாயி. புள்ளை குட்டி இல்ல. கூடையைத் தூக்கிட்டுப் போயி கருவாடு வித்துட்டு வந்து, அவருக்குக் குளிப்பாட்டி, சோறு போட்டு, புரட்டிப் படுக்க வச்சு, அப்படியே மூணு வருசம். வாயாடின்னு சொல்வாங்க. வாயாடியாத்தான் இருந்திருப்பா, அவ பாடு அப்படி.

நம்ம அம்மன் கரைகாத்தாளுக்கு அப்பவும் ஐப்பசியிலதான் திருவிழா. கடலுக்குப் போக முடியாத மாசம், ஆளுங்க ஊர்ல இருப்பாங்கன்னு வச்சது. காப்பு கட்டிட்டா எட்டு நாளு. ஆம்பளை, பொம்பளை, கைக்குழந்தை, எல்லாருக்கும் கையில மஞ்சள் கயிறு. கயிறோட வாய்க்காலைத் தாண்டக் கூடாது. தாண்டினா வம்சம் விளங்காதுன்னு பயம். அந்த வருசம் காப்பு கட்டி மூணாம் நாளு, காத்து நின்னு போச்சு.

காத்து சுத்தமா இல்ல. ஒரு ஓலை ஆடல. ஆனா கடல் மட்டும் வீங்குதாம். நண்டெல்லாம் வளையை விட்டுட்டு வீட்டுக்குள்ள ஏறுதாம். நிக்கறவனுக்கும் நடக்கறவனுக்கும் அதுக்கு மேல தெரியல. தரையோட தரையாக் கிடக்கறவருக்குத்தான் தெரிஞ்சுச்சு.

"ஏ புள்ள தையலு, அலை அடிக்கிறது எனக்கு முதுகுல கேக்குது. ஒண்ணு அடிச்சா அடுத்தது வர ரொம்ப நேரமாகுது. இந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. தூரத்துல பெருசா ஒண்ணு எழும்பியிருக்கு. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள இங்க வரும். ஊரைக் கிளம்பச் சொல்லு. மேட்டுச் சத்திரத்துக்குப் போகச் சொல்லு."

மேட்டுச் சத்திரம் மேற்க ஆறு மைலு. கல்லுக் கட்டடம்.

தையலாயி கோயிலுக்கு ஓடினா. ஊரு கூடுச்சு. அன்னிக்கு ஊருக்குத் தலைவரு, நாட்டாரு, யாரு தெரியுமா? எங்க பாட்டனுக்குப் பாட்டன், பக்கிரிசாமி நாட்டாரு. என் ரத்தம்தான், அதனால நான் திட்டலாம். சரியான முரட்டு மூதி.

"காப்பு கட்டியிருக்கும்மா. எங்க போறது? அம்மன் பேரே கரைகாத்தா. அவ பாத்துக்குவா"ன்னாராம்.

ஒருத்தன் சொன்னான், "போன தடவையும் இப்படித்தான் புயல் புயல்னாங்க, நாலு கூரைதான் போச்சு." இன்னொருத்தன் சொன்னான், "மரத்தையும் வலையையும் விட்டுட்டுப் போயி எதை வச்சுப் பொழைக்கிறது?" இதே பேச்சுத்தான் சித்தப்பா, இன்னிக்குக் காலையில டீக்கடையில நீங்க பேசினதேதான். கைக்குழந்தை வச்சிருந்த பொம்பளைங்களுக்குப் போகணும்னு ஆசை. ஆனா கயிறைப் பாக்கறாங்க, புள்ளையைப் பாக்கறாங்க, வாய் திறக்கல. கையில காப்பு, வாசல்ல கடல். என்ன பண்ணுவாங்க.

தையலாயி கேட்டாளாம், "காப்பை அவுக்க வழியே இல்லையா?"

"ஒரே வழிதான். ஊருக்குள்ள சாவு விழணும். சாவு விழுந்தா தீட்டு, திருவிழா நின்னுடும், காப்பை அறுத்துடலாம். வேணும்னா யாரையாவது சாகச் சொல்லு போ"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாராம் எங்க பாட்டன். சிரிச்சாராம். அந்தச் சிரிப்புக்குத்தான் நாங்க இன்னும் தண்டம் கட்டிக்கிட்டு இருக்கோம்.

வீட்டுக்குள்ள என்ன பேசிக்கிட்டாங்கன்னு யாரும் பாக்கல, யாரும் கேக்கல. பின்னால ஊரு உக்காந்து யோசிச்சு யோசிச்சுக் கோத்ததுதான். எனக்குச் சொன்னபடி நான் சொல்றேன்.

அவ வந்து நடந்ததைச் சொன்னா. அவரு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கிடந்தாராம். அப்புறம் சொன்னாராம், "சரி. அப்ப நான் செத்துட்டேன்."

"வாயைக் கழுவுங்க."

"நெசமா சாகச் சொல்லலடி. நீ அழு, அது போதும். காப்புக் கட்டினவன் எவனும் சாவு வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டான். உள்ள வந்து பாக்கவா போறான்? காப்பை அறுப்பாங்க, கிளம்பிடுவாங்க."

"அப்ப உங்களை யாரு தூக்குவா? செத்தவரைச் சத்திரத்துக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?"

அவரு பின்னிக்கிட்டிருந்த வலையைச் சுருட்டி ஓரமா வச்சாரு. அவளுக்குப் புரிஞ்சுபோச்சு.

"நீ அவங்களோட போயிடணும். அதுக்குச் சம்மதம்னா நான் சாகறேன். இல்லன்னா இருக்கேன், எல்லாரும் சேந்து போவோம் கடலோட. நாப்பது வீட்டுப் புள்ளைங்களும் போகும்"னாராம்.

அவ சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்தா. அப்புறம் "சரி, போறேன்"னா. பொய்யிதான் சொன்னா.

விடிஞ்சுச்சு. வானம் ஒரு மாதிரி தாமிரக் கலரு. அருவாமனையை எடுத்துட்டு வந்து தாலிக் கயிறுல வச்சா. அவருக்கு அப்பத்தான் பதறுச்சாம். "அதை மட்டும் விடு தையலு. முந்தானையில மறைச்சுக்கோ."

"தாலி கழுத்துல கிடந்தா எந்த மடையன் நம்புவான்? நீங்க பேசாம படுங்க. செத்தவரு பேசக் கூடாது."

அறுத்துட்டா. அவரு பாக்கப் பாக்க அறுத்துட்டா. வேட்டியை இழுத்து அவரு மூஞ்சி வரைக்கும் மூடிட்டு, வாசலுக்கு வந்து தலையை விரிச்சுப் போட்டு அழுதாளாம். அது நடிப்புன்னு நினைச்சீங்களா? உள்ள உசிரோட கிடக்கற புருசனுக்கு, நாளைக்கு இதைச் சொல்லி அழ முடியாதுன்னு, இன்னிக்கே மொத்தத்தையும் அழுதா. "ஒரு நல்ல சீலை எடுத்துக் கொடுக்காமப் போனியே, மூணு வருசம் நான் சுமந்தேனே, இன்னும் முப்பது வருசம் சுமந்திருப்பேனே"ன்னு அழுதாளாம். தெருவே கூடி அழுதுச்சு. அவரோட வலையை அறுத்துவிட்ட பழைய பகையாளி ஒருத்தன், வாசல்ல நின்னு, "உத்திராபதி, அந்த வலையை அறுத்தது நான்தான்டா"ன்னு மாரடிச்சானாம். உள்ள கிடந்தவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுக் கிடந்தாரு. மூடின துணிக்குள்ள ஈ புகுந்தாக்கூட ஓட்ட முடியாது.

பக்கிரிசாமி நாட்டாரு வந்தாரு. வாசப்படி மிதிக்கல. அவ கையில அறுந்த தாலியைப் பாத்தாரு. முதல் நாளு அவரு சொன்ன சொல்லு அவருக்கே நெஞ்சுல ஏறிடுச்சு. அங்கயே நின்னு சூரிக்கத்தியை எடுத்துத் தன் காப்பை அறுத்தாரு. "கிளம்புங்க"ன்னாரு. அப்புறம் அவகிட்ட, "அடக்கம் பண்ண நேரமில்லையேம்மா"ன்னாரு.

"அவரு கடல்காரரு. கடலே எடுத்துக்கட்டும். நீங்க புள்ளைங்களைப் பாருங்க"ன்னா.

அதுக்குள்ள காத்து வந்துடுச்சு. முதல்ல மெல்ல வந்துச்சு. அப்புறம் மணலைத் தூக்கி மூஞ்சியில அடிச்சுச்சு. நாப்பது வீடும் கிளம்புச்சு. பூசாரி மட்டும் அம்மனை விட்டு வரமாட்டேன்னுட்டாரு. கைக்குழந்தைங்களைக் கூடையில வச்சுத் தலையில தூக்கிக்கிட்டாங்க. தையலாயியும் நடந்தா. சொன்ன சொல்லுப்படி நடந்தா. வாய்க்கால் வரைக்கும் வந்தா. வாய்க்காலைத் தாண்டினா. தாண்டிட்டு நின்னுட்டா.

"என்னம்மா?"ன்னாரு நாட்டாரு.

"நான் வந்துடறேன். நீங்க போங்க."

"செத்தவன்கிட்ட உனக்கு என்ன வேலை இன்னும்?"

"ஒரு வேலை பாக்கி இருக்கு."

திரும்பி நடந்துட்டா. எங்க பாட்டன் கையைப் பிடிச்சு நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தல. தாலி அறுத்தவளைத் தொடக் கூடாதாம். மழைக்குள்ள அவ போறதைப் பாத்துக்கிட்டு நின்னுட்டு, அவரும் மேற்க நடந்துட்டாரு.

பொழுது சாயறதுக்குள்ள கடல் வந்துச்சு. அவரு சொன்ன நேரத்துக்கு வந்துச்சு. சத்திரத்துக் கதவை எட்டு ஆம்பளைங்க முதுகு கொடுத்துத் தாங்கினாங்களாம். புள்ளைங்க அழுத சத்தம்கூடக் கேக்கலயாம், அவ்வளவு காத்து.

மூணாம் நாளு திரும்பி வந்தாங்க. ஊரு இல்ல. வீடு இருந்த இடம் தெரியல. கோயிலு இல்ல. பூசாரியும் கிடைக்கல, அம்மனும் கிடைக்கல. மரம், வலை, பானை, சட்டி ஒண்ணும் இல்ல. ஒத்தைப் பனை மட்டும், கொண்டை முறிஞ்சு நின்னுச்சு. பனையில ரெண்டு பேரு.

வலைக் கயிறு போட்டு மரத்தோட கட்டியிருந்துச்சு. பாயோட இழுத்துக்கிட்டு வந்து, பனையில சாச்சு உக்கார வச்சு, தானும் சேந்து கட்டிக்கிட்டிருக்கா. தண்ணி அவங்க தலைக்கு மேல போயிருக்கு. அவரு கை ரெண்டும் அவளைச் சுத்திக் கோத்திருந்துச்சு.

முதல்ல யாருக்கும் ஒண்ணும் தோணலயாம். பொணத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இவ செத்திருக்கான்னு நினைச்சாங்க. கயிறை அறுத்து இறக்கும்போதுதான் ஒரு பொம்பளை பாத்தா. "ஐயா, இங்க பாருங்க, இவ கழுத்துல தாலி கிடக்கு"ன்னா.

அறுந்து அவ கையில கிடந்ததை எல்லாரும் பாத்த தாலி. நாட்டாரு கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தாரு. அறுந்த கயிறு எட்டலைன்னு, ஒரு காப்புக் கயிறையும் சேத்து முடிஞ்சிருந்துச்சு. உத்திராபதி கையைப் பாத்தாங்க, அதுல காப்பு இல்ல. முடிச்சைப் பாத்தாங்க. ரெண்டு சுத்து, தலைப்பை உள்ள கொடுத்து, திருப்பி வெளிய. தண்ணியில ஊறி இறுகிக் கிடந்துச்சு. ஊர்ல ஒரே ஒரு ஆளுக்கு வர்ற முடிச்சு.

அந்தப் பகையாளிதான் முதல்ல வாயைத் திறந்தானாம். "அப்ப நான் சொன்னதைக் கேட்டிருக்கான்"னு சொல்லிட்டு மணல்ல உக்காந்துட்டான். எங்க பாட்டன், அந்த முரட்டு மூதி, ரெண்டு பொணத்துக்கும் கால்ல விழுந்து கிடந்தாராம். எழுப்பினாலும் எழுந்திரிக்கல. "நான் வாயாலதான் கொன்னேன்"னு சொன்னாராம். ரெண்டு பேரையும் அந்தப் பனை அடியிலயே, ஒரே குழியில வச்சாங்க.

அப்புறம்தான் ஊரை இந்தப் பக்கம் கொண்டு வந்தாங்க. அப்புறம்தான் இந்தத் தண்டனை. காப்புக் கட்டறதுக்கு முன்னால, பக்கிரிசாமி வீட்டு ஆளு ஊரு முன்னாடி நின்னு, தன் பாட்டனைத் தானே திட்டி இந்தக் கதையைச் சொல்லணும். காப்பை உருவு முடிச்சாத்தான் போடணும், ஒரு இழுப்புல வந்துடணும். புயல்னு தெரிஞ்சா சாவுக்குக் காத்திருக்கக் கூடாது, கட்டின கையே இழுத்து விடணும். ஏம்மா புதுப் பொண்ணு, ஆவணியில உனக்குத் தாலி கட்டும்போது நாலாவதா ஒரு முடிச்சு போட்டாங்களே, எங்க ஊர்ல மூணுதானேன்னு உங்க அம்மா கேட்டாங்களே, அது உத்திராபதி போட்டது. தையலாயிக்குப் போட்டது, அவ கழுத்துல பாத்துத்தான் ஊரு கத்துக்கிட்டுச்சு. அவுக்கணும்னு பாக்காத, வராது.

சரி, வரிசையா வாங்க. கையை நீட்டுங்க. கட்டறேன், கட்டி இழுத்து விடறேன், பஸ்ஸுல ஏறுங்க. குழந்தைங்க முதல்ல.

சித்தப்பா, எங்க நழுவறீங்க? இங்க வாங்க. இஞ்சின் கிடக்கட்டும். உங்களுக்காக எவனாவது ஒருத்தன் செத்துக் கொடுக்கணும்னு காத்திருக்கீங்களா? அதெல்லாம் ஒரு தடவை கொடுத்தாச்சு. கையை நீட்டுங்க. ம், கட்டியாச்சு. அவுத்தாச்சு. போங்க. பஸ்ஸு கரையோரமாப் போகும், அலைக்குள்ள தெரியற அந்தப் பனை அடிக்கட்டையைத் தாண்டும்போது எல்லாரும் எழுந்து நில்லுங்க, தாண்டினதும் உக்காந்துக்கலாம்.