ஏழாம் இலக்கச் சாட்சி

சஞ்சீவனியின் சிங்களம் நன்றாக இருக்கிறது. மொழிபெயர்க்கப் பழக்கியது நான்தான். எனக்கும் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும், பொலிஸ் பரிசோதகர் ஐயா, வாக்குமூலத்தைத் தமிழிலேயே தருகிறேன். பிள்ளை உங்களுக்குச் சிங்களத்தில் சொல்லட்டும்.

இருபத்திரண்டு வருடம் பொலிஸில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். போன வருடம் ஐஸ் போதைப்பொருள் கடத்தலைப் பிடிக்கக் கண்டி, கொழும்பு, தமிழ்நாடு என்று மூன்று இடத்துப் பொலிஸாரும் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். தமிழ்நாட்டுக் கரையில் படகேறும் பொதி கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் ஒரு கடைக்கு வந்துகொண்டிருந்தது. அதை ஏற்றிவந்த லொறிச் சாரதி கிருஷாந்தன், ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பெடியன், மனம் மாறிச் சாட்சி சொல்ல வந்தான். பாதுகாப்புக்காகத் தாள்களில் அவனுக்குப் பெயர் கிடையாது, ஏழாம் இலக்கம் மட்டும்.

"ஐயா இருக்கீங்கன்னுதான் வாயத் தொறக்குறேன்" என்றான். கேட்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொதி வாங்கிய ஐந்து பேரைச் சொன்னான். ஐந்தாவது பெயர் தனேஸ், என் மகன். சிங்களத்தில் நாலு பேரை எழுதினேன். சிங்களம் வாசிக்கத் தெரியாத அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்போது ஐந்தையும் வாசித்தேன். கையெழுத்து வைத்தான். ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

இரண்டு மாதம் கழித்துத் தமிழ்நாட்டு அதிகாரி வந்தார். அவருக்கு நான் தேவைப்படவில்லை. நேரே தமிழில் கேட்டார், கிருஷாந்தன் ஐந்து பெயரையும் சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "ஐயா அப்பவே எல்லாத்தையும் எழுதிட்டாரு" என்றான். பழைய தாளோடு நாளைக்கு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்து வாங்குவோம் என்றார் அதிகாரி.

அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன்? தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். பொலிஸார் அதட்டினால் குறுக்கே நின்றேன். தனேஸ் என் மகன் என்று அவனுக்குத் தெரியாது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனாலும் எல்லார் முன்னாலும் என்னை விற்றுவிட்டான்.

அன்று பின்னேரம் தனேஸிடம், "தம்பி, ஏழாம் இலக்கம் கிருஷாந்தன். நாளைக்கு முன்னம் ஏதாவது செய்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. விடியும்போது கிருஷாந்தன் தன் லொறிக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்டுக் கிடந்தான். மரண விசாரணையில் அவன் தாய் நல்லம்மா அழுதழுது சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் விடவில்லை.

நேற்றுத் தனேஸின் வாக்குமூலத்தைக் காட்டினீர்கள். பெயரைத் தந்தது அப்பாதான் என்று சொல்லியிருக்கிறான். ஓம், தந்தேன். அவனுக்காகத்தான் தந்தேன். பெற்ற தகப்பனையே காட்டிக்கொடுக்க அவனுக்கு எப்படி மனம் வந்தது என்றுதான் விளங்கவில்லை.

சஞ்சீவனி, அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டிடாதையும்.